சென்னையிலிருந்து ஆகாய கங்கை: கணக்கை அருவியின் அடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாம்பரத்திலிருந்து கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குக் காரில் போகலாம் என்று இருக்கிறோம். நான்கு பேர். அம்மாவுக்கு வயது 58. மூட்டு வலி கிடையாது, ஆனால் மலைப்பாதையில் வாந்தி வரும். கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். வெள்ளி இரவு 10 மணிக்குக் கிளம்பி, விடிய விடிய ஓட்டி, சனி காலை நேராக அருவிக்கு இறங்கிவிட்டு ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா?

பதில்:

முடியும் என்று சொல்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். ஆனாலும் இந்தத் திட்டத்தை மாற்றுங்கள். ஏன், எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

பொதுவாக எல்லோரும் வீட்டிலிருந்து கணக்குப் போடுகிறார்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று. ஆகாய கங்கைக்கு அந்தக் கணக்கு உதவாது. அருவியின் அடியில் நின்று, மேலே ஏற வேண்டிய படிகளை அண்ணாந்து பார்க்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அது காலை 10 மணிக்குள் இருக்க வேண்டும். அப்போது உடம்பு தூங்கி எழுந்த உடம்பாக இருக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

அந்தப் படிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் படி தொடங்குகிறது. மொத்தம் ஆயிரத்துக்கு மேல். ஒரு படி சராசரியாக 18 செ.மீ. என்று வைத்தாலும் 1,000 படிக்கு 180 மீட்டர். ஏறக்குறைய 60 மாடிக் கட்டடத்தின் உயரம். வழக்கமான மலையேற்றத்தில் ஏறுவது முதலில், இறங்குவது பிறகு. இங்கே தலைகீழ். முதலில் சுலபமாக இறங்கிவிடுவீர்கள், குளிப்பீர்கள், களைத்துப் போவீர்கள், அதற்குப் பிறகுதான் ஏற்றம். பாதியில் திரும்பலாம் என்ற வசதி கிடையாது. கீழே போய்விட்டால் ஏறித்தான் ஆக வேண்டும். யாருக்காவது கால் பிசகினால் வாகனம் வர வழியே இல்லை, ஆள் தூக்கித்தான் மேலே கொண்டுவர வேண்டும். இரவு முழுக்க ஓட்டியவரும், பின் இருக்கையில் கழுத்து சாய்ந்து அரைத் தூக்கம் தூங்கியவர்களும் இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

சாலையில் இன்னொரு கவலை. பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் கண் தானாகச் செருகும். ஓட்டுபவர் எவ்வளவு காபி குடித்தாலும் உடம்பு அந்த நேரத்தில் தூங்கத்தான் பார்க்கும். நீங்கள் சொல்லும் நேரத்துக்குக் கிளம்பினால் அந்த நேரம் உளுந்தூர்பேட்டை – சேலம் சாலையிலும் அதை அடுத்த ராசிபுரம் சாலையிலும் கழியும். சேலம் சாலையின் பெரும்பகுதி நான்குவழி. ஆனால் ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ்கள் நீண்ட காலம் இருவழியாகவே இருந்து, எதிரெதிர் மோதல்களுக்குப் பேர் போனவை. விரிவாக்க வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை, தடுப்பு, மண் குவியல் எல்லாம் திடீரென்று வரும். நடுவில் தடுப்புச் சுவர் இருக்கிறது என்ற நினைப்பிலேயே வந்து, அது முடிந்ததைக் கவனிக்காமல் எதிர்த்தடத்தில் ஏறிவிடுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. பகலில் ஓட்டினால் இதைத் தவிர்ப்பது சுலபம்.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரைதான் நேரம் என்றால், கார் வேண்டாம், ரயிலில் போங்கள். சென்ட்ரலிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ், எழும்பூரிலிருந்து சேலம் எக்ஸ்பிரஸ் இரண்டும் இரவு வண்டிகள். படுத்துக்கொண்டே போய்ச் சேலத்தில் இறங்கலாம். அங்கிருந்து ராசிபுரம், சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை சுமார் 100 கி.மீ. உள்ளூர் வாடகைக் காரை இரண்டு நாளுக்குப் பேசி வைத்துவிடுங்கள். மலைச்சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் கைப்பழக்கமான டிரைவர் கிடைப்பார்; உங்கள் வீட்டு ஓட்டுநரும் மலையைப் பார்த்துக்கொண்டு வரலாம். சனி முற்பகல் மலை ஏறி, மதியம் தூங்கி, ஞாயிறு காலை அருவி, அன்று இரவே சேலத்தில் ரயில், திங்கள் விடியற்காலை சென்னை. உங்கள் கால அளவுக்கு ஏறக்குறையப் பொருந்துவது இதுதான். வாடகை பேசும்போது ‘மலை மேல் இரவு தங்கல், டிரைவர் பேட்டா, அறப்பளீஸ்வரர் கோயில் வரை’ என்று மூன்றையும் சொல்லிப் பேசுங்கள். ‘கொல்லிமலை’ என்று மட்டும் சொன்னால் மலை மேலுள்ள முக்கிய ஊரான செம்மேடு வரை என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போகத் தனியாகக் கேட்பார்கள்.

சொந்தக் காரில்தான் போக வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை விடுப்பு போடுங்கள். வெள்ளி பகலில் பயணம், சனி காலை அருவி, ஞாயிறு பகலில் திரும்பல். ‘சனி போய், ஞாயிறு காலை குளித்துவிட்டு மதியம் கிளம்பினால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். படி ஏறி முடிக்கவே 11 மணிக்கு மேல் ஆகிவிடும். சாப்பிட்டு 1 மணிக்குக் கிளம்பினால் மலை இறங்க 2 மணி தாண்டும். அதன் பிறகு 330 கி.மீ.க்கு மேல், ஞாயிறு மாலை, ஊர் திரும்பும் கூட்டம் முழுவதும் விக்கிரவாண்டியிலிருந்து பெருங்களத்தூர் வரை நிற்கும் நேரம். ஒரே ஓட்டுநர், ஆயிரம் படி ஏறிய கால்கள், இரவு 10 மணி வரை கிளட்ச். இரண்டு பேர் மாற்றி ஓட்டினால் ஒத்துக்கொள்ளலாம். ஒருவர் என்றால் வேண்டாம்.

இனி, காரில் போவதாகவே வைத்துக்கொண்டு வழியைச் சொல்கிறேன்.

தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுப் பிரிந்து சேலம் சாலையில் ஏறி கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர். ஆத்தூரில் சேலம் சாலையை விட்டு மல்லியகரை, நாமகிரிப்பேட்டை வழியாக ராசிபுரம். அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரவள்ளிதான் அடிவாரம். மேலே சோளக்காடு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில். மொத்தம் ஏறக்குறைய 380 முதல் 400 கி.மீ. ஒரு பெயர்க் குழப்பம்: திண்டிவனத்துக்கு முன்னால் அச்சிறுபாக்கம் பக்கத்தில் வரும் டோல்கேட்டின் பெயரும் ஆத்தூர்தான். நீங்கள் திரும்ப வேண்டியது சேலம் மாவட்டத்து ஆத்தூர்.

போன் மேப்பில் ‘ஆகாய கங்கை’ என்று போடாதீர்கள். திருமலையில் ஓர் ஆகாச கங்கை இருக்கிறது. தவிர, அருவியின் புள்ளி கொல்லிமலையின் கிழக்குச் சரிவில், சாலை இல்லாத பள்ளத்தாக்கில் விழும். அந்தத் தண்ணீர் ஐயாறாக ஓடித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் புளியஞ்சோலை கிட்டத்தில் தெரியும், ஆனால் நீங்கள் ஏற வேண்டிய கார்ச்சாலை அங்கே இல்லை. ‘அறப்பளீஸ்வரர் கோயில், கொல்லிமலை’ என்று போடுங்கள். ராசிபுரத்திலேயே மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலை மேல் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

வெள்ளி காலை 4.30க்குத் தாம்பரத்தைத் தாண்டிவிட வேண்டும். அரை மணி தாமதித்தால் செங்கல்பட்டு வரை வேலைக்குப் போகும் கூட்டத்தில் மாட்டுவீர்கள். 7 மணி வாக்கில் விழுப்புரத்தை ஒட்டிச் சிற்றுண்டி, 9.30க்கு ஆத்தூர், 10.45க்கு ராசிபுரம். ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ பெட்ரோல் நிரப்புங்கள், பணமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறாதீர்கள். 12 மணிக்குக் காரவள்ளி. அங்கே சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள். மது பாட்டில், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் போங்கள். 1.30க்குள் செம்மேட்டில் சாப்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிடம் நிறுத்துவதையும் இதில் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அம்மாவுக்கு வாந்தி வரும் என்றீர்கள். சிற்றுண்டியில் பூரி, வடை, பொங்கல் வேண்டாம், இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, அதிலும் குமட்டும். ராசிபுரத்திலிருந்து அம்மாவை முன் இருக்கைக்கு மாற்றுங்கள். போனைப் பார்க்காமல், பக்கத்து மரங்களைப் பார்க்காமல், தூரத்தில் சாலை போகும் திசையையே பார்க்கட்டும். உடம்பும் உட்காதும் ‘திரும்புகிறோம்’ என்று சொல்ல, கண் ‘அசையவில்லை’ என்று சொல்வதால்தான் குமட்டுகிறது. கண்ணுக்கும் வளைவு தெரிந்துவிட்டால் பாதி குறைந்துவிடும். அவோமின் போன்ற மாத்திரை போடுவதென்றால் மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பயன் குறைவு. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தூக்கம் வரும் மாத்திரை அது. ஓட்டுநர் எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் இன்னொரு மலைச்சாலையும் உண்டு. வளைவுகள் குறைவு, வயிற்றுக்கு நல்லது. ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த சாலை. மழை பெய்த மறுநாள் மரம், மண் சரிந்திருக்கலாம். முள்ளுக்குறிச்சியில் நிறுத்தி, மேலிருந்து இறங்கி வரும் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். முதல் பத்து வளைவுகளைப் பழகும் இடமாக எடுத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும், செங்குத்தாக இருந்தால் முதல் கியர். வளைவின் நடுவில் கியர் மாற்றப் போனால் வண்டி வேகம் இழந்து நிற்கும், பின்னால் உருளும், பதற்றத்தில் ஹாஃப் கிளட்சில் முறுக்குவீர்கள், கருகிய வாடை வரும். அந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி 15 நிமிடம் ஆற விடுங்கள். நான்கு பேரும் சாமான்களும் இருக்கும் சின்னக் கார் என்றால் ஏறும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். இன்ஜினுக்கு இழுவை கூடும், வெளிக்காற்றில் குமட்டலும் குறையும்.

எதிரே அரசுப் பேருந்து வந்தால் வளைவுக்கு 20 அடி முன்னாலேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள். பேருந்தின் முகம் முதலில் உங்கள் தடத்துக்குள் வந்து, பிறகுதான் திரும்பும். முழு வளைவும் அதற்கு வேண்டும். நீங்கள் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு பேரும் பின்வாங்க வேண்டிவரும். அகலம் போதாத இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். நின்ற வண்டியைச் சரிவில் மறுபடி எடுப்பது ஏறுபவருக்குத்தான் கஷ்டம் என்பதால் வந்த விதி அது. ஞாயிறு இறங்கும்போது நீங்களும் அதைக் கடைப்பிடியுங்கள்.

இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏறுவதில் வண்டி நிற்கும், இறங்குவதில் நிற்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடுவது, கிளட்சை மிதித்தபடியே உருள விடுவது இரண்டும் கூடவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘டி’யிலேயே விடாமல் ‘எல்’லுக்கோ, மேனுவல் நிலையில் இரண்டுக்கோ மாற்றுங்கள். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். வளைவுக்கு முன் ஒரு தடவை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து தேய்த்தால் டிஸ்க் சூடேறும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உள்ளது. பழைய ஆயில் என்றால் சீக்கிரம் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் அளவு கூடுதலாக இறங்குகிறது, காட்டமான வாடை வருகிறது என்றால் அதுதான் எச்சரிக்கை. முதல் கியருக்குப் போய், மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி, அரை மணி நேரம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணும் அல்லது விரிசல் விடும், ஊற்றாதீர்கள்.

ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒர்க்‌ஷாப்பில் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: பிரேக் பேட் கனம், பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா, கூலன்ட் அளவு, டயர் பட்டன் (வரிப்பள்ளத்தின் ஆழம்). சட்டப்படி 1.6 மி.மீ. போதும். ஈர மலைச்சாலைக்கு 3 மி.மீ.க்குக் குறைந்தால் நம்பாதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். முந்தின நாள் செய்யாதீர்கள், ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் நேரம் இருக்காது.

வெள்ளி மாலை எங்கும் அலையாதீர்கள். வேண்டுமானால் சோளக்காட்டுப் பக்கம் சீக்குப்பாறைக் காட்சிமுனையில் சாய்கிற வெயிலைப் பார்த்துவிட்டு, 8 மணிக்குள் சாப்பிட்டு, 9.30க்குத் தூங்குங்கள். 6 மணிக்கு மேல் மலைச்சாலையில் வண்டி எடுக்காமல் இருப்பது நல்லது. மூடுபனி இறங்கினால் ஹை பீம் வெள்ளைச் சுவர் போலத் திருப்பி அடிக்கும். லோ பீமில்தான் சாலை தெரியும்.

சனி காலை. அறப்பளீஸ்வரர் கோயில் செம்மேட்டிலிருந்து சுமார் 15 கி.மீ., குறுகலான சாலை, 40 நிமிடம் வையுங்கள். டிக்கெட் கொடுக்க ஆரம்பிக்கும்போதே அங்கே இருங்கள். திறக்கும் நேரமும் கடைசியாக இறங்க விடும் நேரமும் மழையைப் பொறுத்து மாறும் என்பதால், தங்கும் விடுதியில் முந்தின இரவே கேட்டுவிடுங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் இறங்க விட மாட்டார்கள், அது நியாயமான கட்டுப்பாடு. கோயிலை ஒட்டிய ஆற்று மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம். அறுத்த மீனைச் சிவன் மறுபடி பொருத்தி உயிர் கொடுத்தார் என்பது தலத்தின் கதை. அதனால் அங்கே மீன் பிடிக்க மாட்டார்கள்.

கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் பாதியைக் கீழே குடிக்காமல் ஏறுவதற்கு வையுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு. பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடி வயிற்றைப் புரட்டும். கடலை மிட்டாய், மாற்றுத்துணி, துண்டு, போனுக்கு ஜிப் லாக் கவர். எல்லாம் முதுகுப் பைக்குள். கையில் கவர் தொங்கினால் குரங்கு வந்து பிடுங்கும். பயந்து உதறுகிற அந்த நொடியில்தான் படியில் விழுவார்கள். காலுக்கு வரிப்பள்ளம் உள்ள ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ, ஏற்கெனவே போட்டுப் பழகியது. தோல் செருப்பு, ஹவாய் இரண்டும் ஈரப் படியில் வழுக்கும். அம்மா சேலையில் இறங்க வேண்டாம், சுடிதார் போடட்டும். நனைந்த சேலை கனத்துப் படியில் காலைத் தடுக்கும். நீங்களும் ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்த ஜீன்ஸ் ஆயிரம் படி ஏறுவதற்குள் தொடையைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும்.

இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் ஓடத் தோன்றும். ஓடாதீர்கள். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. அந்த விதமான உழைப்புதான் தசையை அதிகம் நோகடிக்கும். 500 படியில் முழங்கால் தானாக நடுங்க ஆரம்பித்தால் தசை சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே ஐந்து நிமிடம் உட்காருங்கள். படிகள் ஒரே உயரம் கிடையாது. சில இடத்தில் ஒன்றரைப் படி அளவுக்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அந்த இடங்களில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். அம்மாவுக்கு ஒரு படி முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். சுமார் 40 நிமிடத்தில் கீழே போய்விடலாம்.

பாதிப் படியிலேயே சத்தம் கேட்கும். கடைசித் திருப்பத்தில் திரும்பினால் முகத்தில் சாரல் அடிக்கும், எதிரில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அப்படியே விழும். சுற்றிலும் நிமிர்ந்த பாறைச் சுவர்கள், மேலே வானம் ஒரு துண்டு. தண்ணீர் நிறைந்த காலத்தில் அருவிக்கு நேர் கீழே போக முடியாது, போகவும் கூடாது. அந்த உயரத்திலிருந்து தண்ணீரோடு சின்னக் கல் வந்தாலும் மண்டை பிளக்கும். ஓரத்தில் சிதறி விழும் சாரலில் நின்றாலே போதும். பாறையில் கறுப்பாகப் பளபளக்கும் இடம் பாசி; சொரசொரப்பாகச் சாம்பல் நிறத்தில் தெரியும் இடத்தில் கால் வையுங்கள். தேங்கிய நீரில் நீந்தத் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம், அடியில் பாறை இடுக்கும் சுழிப்பும் மேலே தெரியாது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கொண்டு போகாதீர்கள். இதே தண்ணீர்தான் கீழே ஊர்களுக்குப் போகிறது.

ஒரு விஷயத்தை நான்கு பேரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த அருவிக்கு நீர் வருவது மேலேயுள்ள மலைமேட்டிலிருந்து. அருவியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மழை கொட்டலாம். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினால், சருகும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், இரைச்சல் திடீரென்று கனமானால் அடுத்த நிமிடம் அங்கே இருக்காதீர்கள். துணியையும் பையையும் எடுக்கத் திரும்பாமல் படியில் குறைந்தது 50 படி ஏறி நின்ற பிறகு திரும்பிப் பாருங்கள். வெள்ளம் வந்தால் இறங்க அனுமதிப்பதில்லை. ஆனால் நீங்கள் ஏற்கெனவே கீழே இருக்கும்போது யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்க முடியாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் நிற்காதீர்கள். உடம்பு குளிர்ந்து தசை இறுகிவிட்டால் ஏற்றம் இரண்டு மடங்கு கஷ்டம். துடைத்து, காய்ந்த துணி மாற்றி, இரண்டு கடலை மிட்டாய் சாப்பிட்டு, பத்து நிமிடம் கழித்து ஏறுங்கள்.

ஏறும்போது அம்மாவின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். 40 படி, ஒரு நிமிடம் நிற்பது, மறுபடி 40. மூச்சு முட்டிய பிறகு நிற்பதைவிட முட்டுவதற்கு முன்பே நிற்பது மொத்தத்தில் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றால் வேகம் அதிகம். உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் ஏறுவதை நிறுத்தி, உட்கார வைத்து, ஒருவர் மேலே போய் ஆளைக் கூப்பிட்டு 108க்குச் சொல்ல வேண்டும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் வையுங்கள், இரண்டு ஆனாலும் பரவாயில்லை. முன்பின் தெரியாமல் இறங்காமலிருக்க, மூன்று வாரம் முன்பிருந்தே வீட்டு மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கட்டும். 15 மாடி அளவு நிற்காமல் முடிகிறது என்றால் இங்கே நின்று நின்று ஏறிவிடுவார். ஐந்து மாடியிலேயே கால் கெஞ்சினால் அம்மா கோயிலோடு இருக்கட்டும், கூட ஒருவர் இருங்கள்.

மேலே வந்ததும் கடைகளில் முடவாட்டுக்கால் சூப் கேளுங்கள். பாறையில் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. பழுப்பு ரோமம் மூடி, ஆட்டுக்கால் போலவே கடைப் பலகையில் அடுக்கியிருக்கும். தோலைச் சீவி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துத் தருவார்கள். மூட்டு வலிக்குக் கேட்கும் என்பது மலையில் உள்ளவர்கள் சொல்வது. மருந்தோ இல்லையோ, படியேறி வந்த உடம்புக்கு அந்தச் சூடும் உறைப்பும் இதமாக இருக்கும். அன்னாசி, மிளகு, காபி வாங்குவதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

தொடை வலி அன்று தெரியாது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். 24 முதல் 48 மணி நேரத்தில் அதிகமாக இருக்கும். அதாவது சரியாக ஞாயிறு கார் ஓட்டும்போது. அதனால் ஓட்டுநர் சனி மாலை சும்மா படுத்துவிடாமல் அரை மணி நேரம் சமதரையில் நடக்கட்டும். ஞாயிறு காலை கிளம்பும் முன் வண்டி நின்ற நிலையில் கிளட்சையும் பிரேக்கையும் பத்துத் தடவை முழுசாக மிதித்துப் பார்க்கட்டும். அவசரமாக மிதிக்கும்போது கால் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றினால் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்புங்கள். காலை 8 மணிக்கு மலையை விட்டால் மாலை 4 மணிக்குள் செங்கல்பட்டைத் தாண்டிவிடலாம், கூட்டம் அதற்குப் பிறகுதான் வரும்.

எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. மார்ச் முதல் மே வரை படிதான் இருக்கும், தண்ணீர் நூலாகத்தான் விழும். அக்டோபரிலும் நவம்பர் முதல் பாதியிலும் தண்ணீர் நிறைய, அதே அளவுக்கு அருவி மூடப்படவும் வாய்ப்பு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். ஆடி 17, 18 தேதிகளில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்து வரும். விழா பார்ப்பதற்கு நல்ல நாள், அருவிக்கும் 70 வளைவுகளுக்கும் மோசமான நாள். பொங்கல், ஆயுத பூஜைத் தொடர் விடுமுறைகளும் அப்படியே.

அவ்வளவு தூரம் வந்து அருவி மூடியிருந்தால், கம்பியைத் தாண்டி இறங்குகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். மாசிலா அருவி, நம் அருவி இரண்டும் மலை மேலேயே இருக்கின்றன. இறங்க வேண்டிய படி மிகவும் குறைவு. அங்கும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்; ஆயிரம் படி வேண்டாம் என்று முடிவு செய்தால் அம்மாவும் நிம்மதியாகக் குளிக்கலாம்.